பதிவேட்டில் எதை எழுதணும், எதை எழுதக் கூடாது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். கையெழுத்து நல்லா இருக்குன்னு சொல்லி என்னை ஊக்குநர் ஆக்கினாங்க. அந்தக் கையெழுத்தால் நான் செய்த ஒரு தப்பைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். இது கீழப்பழுவூரில் நடந்தது இல்லை. இங்கே குடிவர்றதுக்கு முன்னாடி வேறொரு ஊரில் நடந்தது. யாராக இருக்கும்னு யாரும் கணக்குப் போட வேண்டாம். இதைச் சொல்லலாமான்னு அந்தத் தங்கச்சியிடமே கேட்டேன். எழுதியதைப் படிச்சுக் காட்டச் சொன்னாள். ரெண்டு இடத்தை அடிக்கச் சொன்னாள், அடிச்சுட்டேன்.

நம்ம குழுவெல்லாம் எப்படி நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். கூட்டத்துக்கு வரலைன்னா அபராதம். எங்கள் குழுவில் 10 ரூபாய். காரணம் இருந்தால் தள்ளுபடி, ஆனால் அந்தக் காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதணும். ஒரு வாரம் அந்தத் தங்கச்சி வரலை. போய்ப் பார்த்தேன். கன்னம் வீங்கி, ஒரு கண்ணைத் திறக்க முடியாமல் படுத்திருந்தாள். எனக்கு வயிறு எரிஞ்சுது. இவளுக்கு அபராதம் வேறயா, விடக்கூடாதுன்னு நினைச்சு, நல்ல மனசோட புத்தகத்தில் எழுதினேன்: “கணவர் அடித்ததால் உறுப்பினர் வர இயலவில்லை. அபராதம் தள்ளுபடி செய்யப்பட்டது.”

அடுத்த கூட்டம் எப்படி ஆரம்பிக்கும்? “சென்ற கூட்ட நடவடிக்கைகள் வாசிக்கப்பட்டன.” நானே எழுந்து நின்னு வாசிச்சேன். அவள் ஓரகத்தி அதே குழுவில் உறுப்பினர், எதிரே உட்கார்ந்திருந்தாங்க. இருட்டுறதுக்குள்ள வீட்டுக்குச் சேதி போயிருச்சு. “குழுவுல போய் என் மானத்தை எழுதி வச்சிட்டு வந்துட்டியா”ன்னு அன்னைக்கு ராத்திரி மறுபடியும் அடி. பாஸ்புத்தகத்தையும் கிழிச்சுப் போட்டுட்டான்.

அதுக்கப்புறம் அவள் குழுப்பக்கமே வரலை. அஞ்சு தவணை நின்னுது. தவணை கேட்டு நாங்க நாலு பேர் அவள் வாசலில் போய் நின்னோம். அடிபட்டவள் வீட்டு வாசலில் கடன் கேட்டு நின்னோம், அதையும் சொல்லித்தான் ஆகணும். பிறகு அவள் தாய் வீட்டுக்குப் போயிட்டாள். ரொம்ப நாள் கழிச்சு ஒரு கல்யாணத்தில் பார்த்தப்ப சொன்னாள்: “அக்கா, நீ எழுதாம இருந்திருந்தா 10 ரூபாயோட போயிருக்கும்.”

அந்தப் புத்தகம் யார் யார் கைக்குப் போகுதுன்னு நான் யோசிச்சே பார்க்கலை. கடன் கேட்கும்போது பேங்குக்குப் போகுது. தணிக்கைக்குப் போகுது. மத்த நேரம் எங்க வீட்டு டிரங்குப் பெட்டி மேலே கிடக்குது, வர்றவங்க போறவங்க புரட்டுறாங்க. 1989-ல் தர்மபுரியில் குழுக்கள் ஆரம்பிச்ச காலத்திலிருந்தே கணக்கு சுத்தமா இருக்கணும்னு சொல்லித்தான் நம்மளை வளர்த்தாங்க. அது சரிதான். ஆனால் ரூபாய்க் கணக்குக்குச் சொன்னதை நான் ஒருத்தியோட உடம்புக்கும் சேர்த்து எழுதிட்டேன்.

இங்கே வந்து மறுபடி ஊக்குநர் ஆனதும், இனிமேல் காரணமே எழுத மாட்டேன்னு இருந்தேன். அதுலயும் ஒரு வம்பு வந்துச்சு. காய்ச்சலுக்குக் “காய்ச்சல்”, சாவுக்குத் “துக்கம்”னு எழுதிட்டு, ஒருத்திக்கு மட்டும் இடத்தை வெறுமனே விட்டால், அந்த வெத்திடமே ஊருக்குச் சொல்லிருது. அதனால் எங்கள் குழுவில் வருசத் தொடக்கத்திலேயே ஒரு தீர்மானம் போட்டோம். எல்லா உறுப்பினருக்கும் வருசத்துக்கு மூணு கூட்டம் காரணம் கேட்காத விடுப்பு. அபராதம் கிடையாது. காய்ச்சலோ, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறதோ, அடியோ, எல்லாத்துக்கும் ஒரே சொல்தான்: “விடுப்பு”. சேமிப்பையும் தவணையையும் யார் கையில் வேணும்னாலும் கொடுத்து விடலாம். ஏமாத்துவாங்கன்னு சிலர் சண்டை போட்டாங்க. போன வருசம் பாதிப் பேர் மூணையும் எடுக்கவே இல்லை.

இதை எங்க குழுவோட விட்டுட முடியலை. நம்ம கூட்டமைப்பில் மாச ஊக்கத்தொகை வாங்கும் பெண்கள் இருக்காங்க, கணக்கு எழுதுறவங்க, சமுதாய வளப் பயிற்றுநர்கள். அவங்களும் நம்மளைப் போல வீட்டில் வாழ்றவங்கதான். ஒருத்தி நாலு நாள் வரலைன்னா பட்டியலில் “4 நாள் பிடித்தம்”னு போடுறோம், செயற்குழுவில் உரக்கப் படிக்கிறோம். படிக்காமலே விட்டாலும், தொகை குறைஞ்சு பேங்குக்குப் போகும். அந்தப் பேங்க் கணக்கோடு சேர்த்திருக்கிற போன் நம்பர் பாதி வீட்டில் புருசனுடையது. மெசேஜ் அவருக்குத்தான் போகும். “ஏன் குறைஞ்சுது, அந்த நாலு நாள் எங்க போன?” அவள் அந்த நாலு நாளில் தாய் வீட்டில் இருந்திருக்கலாம், வக்கீலைப் பார்த்திருக்கலாம்.

வெளிநாட்டில் இதுக்கு என்ன செய்றாங்கன்னு என் பொண்ணை போனில் தேடச் சொன்னேன். பிலிப்பைன்ஸில் 2004-லேயே, அடிபடும் பெண்ணுக்குச் சம்பளத்தோடு 10 நாள் விடுப்புன்னு சட்டம் போட்டிருக்காங்க. நியூசிலாந்தில் 2019 ஏப்ரலில் இருந்து 10 நாள். ஆஸ்திரேலியாவில் 2023 பிப்ரவரி 1 முதல் 10 நாள், 15 பேருக்கும் குறைவா ஆள் வேலை செய்யும் சின்ன இடங்களுக்கு அதே ஆகஸ்ட் 1 முதல். ஆஸ்திரேலியாவில் இன்னொரு விதியும் இருக்கு, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இந்த விடுப்பின் பேரைச் சம்பளச் சீட்டில் போடவே கூடாது. இத்தனை நாள் எடுத்தாள், இத்தனை நாள் பாக்கின்னும் போடக் கூடாது. வழக்கமா வேலை செய்த நேரம் மாதிரியே காட்டலாம். சீட்டை வீட்டில் யார் பிரிச்சுப் பார்ப்பாங்கன்னு யோசிச்ச யாரோதான் அந்த விதியை எழுதியிருக்கணும். எனக்கு அந்த யோசனை வரலையேன்னு அன்னைக்கு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நம்ம நாட்டில் இப்படி விடுப்புக்குச் சட்டம் இல்லை. ஊரக வேலைத் திட்டத்தில் வரலைன்னா கூலி இல்லை, அவ்வளவுதான். வந்தாலும் காலையும் மத்தியானமும் நிற்கவச்சுப் போட்டோ எடுக்கிறாங்க. வீங்கின முகத்தோடு யார் போய் நிற்பா? பணித்தளப் பொறுப்பாளரா இருக்கும் நம்ம உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நேத்து ஏன் வரலைன்னு வரிசையில் நிற்கவச்சுக் கேட்காதீங்க. தனியா, தண்ணி குடிக்கும்போது கேளுங்க.

ஆனால் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-ல் ஒரு சட்டம் வந்து, 2006 அக்டோபர் 26-லிருந்து நடப்பில் இருக்கு. அதில், அடியால் வேலைக்குப் போகாமல் இழந்த கூலியையும் அவனிடமிருந்து கேட்கலாம்னு இருக்கு. கேட்டதும் எனக்குக் குழப்பம் வந்துச்சு. எழுதாமல் விட்டால் நாளைக்குச் சாட்சிக்கு என்ன பண்றது? நிதானமா யோசிச்சால் சிக்கல் இல்லை. எந்தெந்த நாள் வரலைங்கிறதைப் பதிவேடு காட்டும். ஏன்ங்கிறதை அவள் விரும்பும்போது, பாதுகாப்பு அலுவலரிடமோ கோர்ட்டிலோ அவளே சொல்லிக்கலாம்.

ரகசியம்னா வாயைத் தைச்சுக்கிட்டு இருக்கிறதுன்னும் எடுத்துக்காதீங்க. உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சால் 181-க்கு யார் வேணும்னாலும் போன் பண்ணலாம். பாதுகாப்பு அலுவலருக்கு நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவங்க மேலே வழக்குப் போட முடியாதுன்னு அதே சட்டத்தில் எழுதியிருக்கு. போலீசுக்கோ பாதுகாப்பு அலுவலருக்கோ சொல்றது வேற, கூட்டத்தில் வாசிக்கிறது வேற.

வர்ற செயற்குழுவில் நாங்கள் வைக்கப் போகும் தீர்மானம் இதுதான். ஊக்கத்தொகை வாங்கும் எல்லாருக்கும் வருசத்துக்கு 10 நாள், பிடித்தம் இல்லாத, காரணம் கேட்காத விடுப்பு. தொகை எப்பவும் போல முழுசா, எப்பவும் வர்ற தேதியில், ஒரே வரியில் போகணும். பட்டியலில் தனிப் பேர் கூடாது. சொல்ல விரும்புறவள் தலைவியிடமோ செயலாளரிடமோ, அவள் நம்பும் ஒருத்தரிடம் மட்டும் சொல்லலாம். கேட்டவங்க அதை எந்த நோட்டிலும் எழுதக் கூடாது.

10 நாள் அதிகம்னு பொருளாளர் அக்கா சொல்றாங்க, கூட்டமைப்பு வருமானத்தைப் பார்த்து. அவங்க கணக்கும் நியாயம்தான், 5 நாள்னு ஆரம்பிச்சாலும் எனக்குச் சம்மதம். வரும்போது உங்க குழுவோட பழைய தீர்மானப் புத்தகங்களை ஒருதரம் புரட்டிட்டு வாங்க. நான் எழுதின மாதிரி வரி ஏதாவது இருந்தால் அந்தப் புத்தகத்தைப் பூட்டி வைங்க.