சாளக்கிராமமும் சம்மட்டியும்

(வேப்பனப்பள்ளியில் நடந்த சுயமரியாதைப் பிரசாரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கல். "சாமி பொய், சாத்திரம் பொய் என்று பேச வந்தவன் கல்லைப் பற்றிப் பேசுவானேன்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நம் நாட்டுச் சாமிகளில் பெரும்பாலானவை கல்லாகவே இருக்கிறபடியால், கல்லைத் தெரிந்துகொண்டவன் சாமியைப் பாதி தெரிந்துகொண்டவனாவான். ஆனால் உங்களிடத்தில் கல்லைப் பற்றிப் பேசுவது கொல்லத் தெருவில் ஊசி விற்பது போன்றதுதான். இந்த ஜில்லாவின் கருங்கல்லை உடைத்து, அறுத்து, மெருகேற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிற கைகள் உங்களுடையவை. ஆகவே நான் தப்பாகச் சொன்னால் கூட்டம் முடிந்ததும் தாராளமாய்த் திருத்துங்கள்.

முதலில் நம்மூர்ப் பக்கத்துக் கல் ஒன்றைச் சொல்லுகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து வயல்வெளிகளில் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்களே, அவற்றில் பல யார்? வில்லோடும் வாளோடும் நிற்கிற ஒரு மனிதன். கல்லில் எழுத்தும் இருக்கும். படிக்கத் தெரிந்தவர்கள் அந்த எழுத்தைப் படித்துப் பார்த்தபோது, ஊர் மாட்டைத் திருடர் கொண்டுபோகையில் மறித்துச் செத்த வீரன் இவன், இன்ன அரசன் காலத்தவன் என்று தெரிந்தது. அதாவது அது நடுகல். எழுத்தைப் படிக்கிறவன் இல்லாமற் போனதும் மனிதன் சாமியானான். பிறகு அவனுக்குச் சேவல் அறுத்தோம். கல்லிலே யாதொரு குற்றமும் இல்லை. கல்லோடு இருந்த சீட்டைப் படிக்காததுதான் குற்றம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதெல்லாம் இதைப் பற்றியதுதான்.

இப்பொழுது இதைவிடப் பழைய எழுத்துக்கு வருவோம். பூமியே எழுதிய எழுத்து அது. இங்கிலீஷில் பாஸில் என்பார்கள். தமிழில் புதைபடிவம் என்கிறோம். ஒரு நத்தையோ சிப்பியோ செத்துக் கடலடியில் விழுகிறது. அதன்மேல் சேறு மூடுகிறது. சேற்றின்மேல் சேறு ஏறி அழுத்துகிறது. சதை அழுகிப்போகிறது. ஓட்டின் இடத்தில் தண்ணீரில் கரைந்து வந்த தாதுப் பொருள் மெல்ல மெல்லக் குடியேறுகிறது. சேறு கல்லாகும்போது சிப்பியும் கல்லாகிறது. இதில் மந்திரமும் இல்லை, சாபமும் இல்லை.

"எங்கள் குவாரியில் இத்தனை வருஷம் உடைத்தும் ஒரு சிப்பியும் கண்டதில்லையே?" என்று நீங்கள் கேட்கவேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது. நம் வட்டாரத்துப் பாறை சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன் பூமியின் ஆழத்தில் உருகியும் வெந்தும் இறுகியது. உலைக்குள் சிப்பி ஏது? அன்றியும் அந்தக் காலத்தில் ஓடுள்ள பிராணியே உலகில் தோன்றவில்லை. சேறு படிந்து உண்டான கல்லில்தான் உயிரின் அடையாளம் கிடைக்கும்.

அப்படிப்பட்ட கல் நம் தமிழ்நாட்டிலேயே அரியலூர், பெரம்பலூர், திருச்சி ஜில்லாக்களில் இருக்கிறது. இன்று அரியலூரிலிருந்து கடலுக்கு 80 கிலோமீட்டர் இருக்கும். ஆனால் சற்றேறக்குறைய 11 கோடி ஆண்டு முதல் 6 கோடி ஆண்டு முன்வரையில் கடல் அங்கே வருவதும் போவதுமாய் இருந்தது. காரை என்ற ஊரின் வெளியில் போய்ப் பாருங்கள்; ஓடை அரித்த செம்மண்ணிலும் களிமண்ணிலும் ஆட்டுக்கொம்பு போல் சுருண்ட அம்மோனைட்டும், விரல் போல் கூரான பெலம்னைட்டும் கிடக்கும். கல்லக்குடியில் சிமெண்டுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக் கல்லில் பவளமும் பாசியும் சேர்ந்து கட்டிய பழைய கடலடி இருக்கிறது. அந்த ஊருக்கு ஒரு முதலாளியின் பெயர்ச் சீட்டை ஒட்டியதை எதிர்த்து 1953-ல் திராவிட இயக்கத் தோழர்கள் தண்டவாளத்தில் படுத்தார்கள். மனிதன் ஒட்டின சீட்டையும் கேள்வி கேட்கவேண்டும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம். சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரம் ஒன்று முழுக் கல்லாய்க் கிடக்கிறது; ஜியாலஜிகல் சர்வே இலாகாவைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதை உலகுக்குத் தெரிவித்தார்.

இந்தக் கற்களை 1840-க்களில் கே, கன்லிப் என்ற இரண்டு வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் சேகரித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பிறகு பிளான்போர்டு என்பவர் இப்பகுதிப் பாறைகளை அடுக்கு அடுக்காய்ப் பிரித்து 1862-ல் நூல் வெளியிட்டார். அதற்கு முன் ஆயிரக்கணக்கான வருஷமாய் நாம் அந்தக் கல்லின்மேல்தான் உழுதோம். அதன்மேல்தான் கோயிலும் கட்டினோம். நமக்குப் புத்தி இல்லையா? இருந்தது. படிப்பு ஒரு கூட்டத்தாருக்கே என்று வைத்துவிட்டு, அந்தக் கூட்டத்தாரும் மண்ணைத் தொடுவது இழிவு என்று இருந்துவிட்டால், மண்ணைத் தொடுகிறவனுக்குப் படிப்பில்லை, படிக்கிறவனுக்கு மண் தெரியாது என்றுதானே ஆகும்?

அறிந்துகொள்ளாத இடத்தில் புராணம் புகுந்தது. விழுப்புரம் ஜில்லா திருவக்கரையில் கல்லாய்ப்போன மரங்கள் ஏராளம். அவை விஷ்ணு கொன்ற ஓர் அசுரனின் எலும்புகள் என்று கதை கட்டினார்கள். எலும்பிலே மர வளையம் இருக்குமா என்று கேட்க ஓர் ஆளில்லை.

சாளக்கிராமத்தைப் பாருங்கள். நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வருகிற கருப்பு உருண்டைக் கல். உள்ளே சக்கரம் போன்ற சுருள். விஷ்ணுவே சாபத்தால் கல்லானார், வஜ்ரகீடம் என்ற புழு அதைக் குடைந்து சக்கரம் செய்தது என்கிறார்கள். உண்மை என்னவென்றால், அந்தச் சுருள் காரையில் கிடக்கிற அம்மோனைட்டின் வேறொரு வகைதான். சுமார் 15 கோடி ஆண்டுக்கு முன் இன்றைய இமயமலை கடலடியாய் இருந்தபோது நீந்திச் செத்த கணவாய்க்கு உறவான பிராணி. மீன் தின்பதைப் பாவமென்று சொல்லுகிறவர்கள் கடற்பிராணியின் ஓட்டுக்குத் தினம் பாலாபிஷேகம் செய்கிறார்கள்! செய்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதைப் பெண்கள் தொடக்கூடாது, சூத்திரன் தொடக்கூடாது என்று எழுதிவைத்தார்களே, அதுதான் நமக்கு வழக்கு.

இந்த மடமை நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமென்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்தில் விட்பி என்ற கடற்கரையில் இதே அம்மோனைட்டை, ஹில்டா என்ற கிறிஸ்தவப் பெண் துறவி பாம்புகளைச் சபித்துக் கல்லாக்கியது என்றார்கள். பாம்புக்குத் தலை இல்லையே என்று வாங்குகிறவன் கேட்டதும், விற்கிறவன் உளியால் தலை செதுக்கி விற்றான். சாமி எந்த மதத்துச் சாமியாயிருந்தாலும் தலை செதுக்குகிறவன் ஒருவன் இருந்தே தீருவான்!

அதே இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்ற ஊரில் 1799-ல் மேரி ஆனிங் என்ற பெண் பிறந்தாள். தகப்பன் மரவேலை செய்கிற தச்சன். 1810-ல் கடனை வைத்துவிட்டுச் செத்தான். குழந்தைகள் கடலோரப் பாறையில் கல்லாய்ப்போன உயிர்களைப் பொறுக்கி விற்றுக் கஞ்சி குடித்தார்கள். 1811-ல் அண்ணன் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டான். அடுத்த வருஷம், பன்னிரண்டு பதின்மூன்று வயதில், மேரி அதன் உடம்பைக் கண்டாள். இக்தியோசார் என்ற கடல் ஊர்வன அது. 1823-ல் நீண்ட கழுத்துடைய பிளீசியோசார் முழு எலும்புக்கூட்டையும் வெளிக்கொணர்ந்தாள். பாரிஸில் குவியே என்ற மகா நிபுணர் இது போலி என்று சந்தேகப்பட்டார். ஆராய்ந்து பார்த்தபின் தம் சந்தேகம் தவறென்று ஒப்புக்கொண்டார். எந்தச் சங்கராச்சாரியாவது இப்படித் தன் பிழையை ஒப்புக்கொண்டதாய் நீங்கள் கேட்டதுண்டா?

அந்த வேலை எளிதல்ல. மாரிக்காலப் புயல் அடித்துக் கரைப்பாறை சரிந்த மறுநாள்தான் புதுக் கல் வெளிப்படும். அப்போதுதான் இன்னும் சரியும் ஆபத்தும் அதிகம். 1833-ல் அவள் கூடவே திரிந்த நாய் அவள் கண்ணெதிரில் பாறை விழுந்து செத்தது. அவள் தப்பினது சற்றுத் தூரத்தில்தான். ஆனால் அவள் எடுத்துச் சுத்தம் செய்து விற்ற எலும்புகளைப் பற்றிக் கனவான்கள் கட்டுரை எழுதியபோது பல சமயம் அவள் பெயரை எழுதவில்லை. லண்டன் பூமியியல் சங்கம் பெண்களை அங்கத்தினராய்ச் சேர்த்தது 1919-ல். அவள் செத்ததோ 1847-ல். அதாவது உழைத்தவள் சீட்டில் இல்லை. வாங்கினவன் பெயர் இருக்கிறது. இங்கே ஜாதி செய்கிற வேலையை அங்கே பணமும் ஆண் என்ற திமிரும் செய்தன. 2022-ல் அவளுக்கு அவ்வூரில் சிலை வைத்திருக்கிறார்கள். 175 வருஷம் கழித்து!

இனி, நாம் செய்யக்கூடியது என்ன? என் சொந்தப் பிழை ஒன்றைச் சொல்லுகிறேன். நான் முதன்முதலில் காரைக்குப் போனபோது ஒரு பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். அழகான சுருள் ஒன்று கட்டியிலிருந்து வராததால் சம்மட்டியால் ஓங்கி அடித்தேன்; நாலு துண்டாயிற்று. மீதியை ஒரு கல்லூரி ஆசிரியரிடம் பெருமையாய்க் காட்டினேன். "எந்த ஓடை? எந்த அடுக்கு? மேலே கிடந்ததா, உள்ளே பதிந்திருந்ததா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "அப்படியானால் இது அழகான கல், அவ்வளவுதான்" என்றார். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. எங்கே கிடைத்தது என்று சொல்லத் தெரியாத கல்லுக்கும், எப்போது யார் எழுதியது என்று சொல்லத் தெரியாத புராணத்துக்கும் என்ன பேதம்?

ஆகவே முறை இது. மழை விட்ட பிறகு போங்கள். மழை மண்ணைக் கழுவிக் கொடுத்திருக்கும். திருவக்கரை, சாத்தனூர் போன்று அரசு பாதுகாக்கிற இடங்களில் ஒரு சில்லும் தொடாதீர்கள். மற்ற இடத்தில் நிலத்துக்காரரைக் கேட்டு, கேட்டபின்னும் மேலே உதிர்ந்துகிடப்பதை மட்டும் எடுங்கள். எடுக்குமுன் கிடந்தபடியே படம் பிடியுங்கள். காகிதத்தில் சுற்றி, நாள், ஊர், இடம், யார் கண்டது என்று எழுதிய சீட்டைக் கூடவே வையுங்கள். கண்டது ஆடு மேய்க்கிற பையனானால் அவன் பெயரையே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து, பழைய பல் தேய்க்கும் தூரிகையாலும் ஊசியாலும் சுற்றியுள்ள மண்ணைப் பொறுமையாய் நீக்குங்கள். கடினமாயிருந்தால் சிறு உளியைக் கல்லுக்கு வெளிப்புறமாய்ச் சாய்த்துத் தட்டுங்கள். திராவகத்தை ஊற்றாதீர்கள், சிப்பியும் சுண்ணாம்பு, சுற்றியதும் சுண்ணாம்பாகையால் இரண்டும் கரைந்துபோம். உடைந்ததைப் பசை கொண்டு ஒட்டினால் ஒட்டினதை ஒளிக்காதீர்கள். இல்லாத பாகத்தைச் செதுக்கிச் சேர்க்காதீர்கள். அது விட்பியில் பாம்புத் தலை வைத்தவன் வேலை. கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்கு மூடியும் அவசியம். குவாரித் தோழர்களுக்கு இதை நான் இரண்டு தரம் சொல்லுவேன்: கல் தூசி நுரையீரலைக் கெடுத்து ஆளைக் கொல்லும், மூக்கை மூடக் கேட்பது உங்கள் உரிமை.

கடைசியாக நம்மவர்களுக்கே ஒரு எச்சரிக்கை. 2020 அக்டோபரில் பெரம்பலூர் ஜில்லா குன்னத்தில் மண் எடுத்த இடத்தில் பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று கைப்பேசியெல்லாம் பரவியது. பகுத்தறிவுக்காரர் என்று சொல்லிக்கொள்ளுகிறவர்களும் "பார்த்தீர்களா, விஞ்ஞானம்!" என்று குதித்தார்கள். தெரிந்தவர்கள் போய்ப் பார்த்து, அவை முட்டையல்ல, அம்மோனைட்டைச் சுற்றித் தாது படிந்து திரண்ட கற்கள் என்றார்கள். ஆராயாமல் அசுரன் எலும்பென்று நம்புவதற்கும், ஆராயாமல் டைனோசர் முட்டையென்று நம்புவதற்கும் வித்தியாசம் இல்லை. சாமியின் பெயரை மாற்றிவிட்டால் பக்தி பகுத்தறிவாகிவிடாது.

இன்னொரு சாரார், "எங்கள் ரிஷிகள் ஒரு கற்பம் 432 கோடி வருஷம் என்றார்களே, பூமிக்கு 450 கோடி என்று இன்று விஞ்ஞானி சொல்லுவது அதுதானே?" என்பார்கள். விஞ்ஞானி யுரேனியம் ஈயமாய் மாறுகிற வேகத்தை அளந்து, கல்லில் எவ்வளவு ஈயம் என்று பார்த்துக் கணக்குப் போடுகிறான்; எவனும் மறுபடி போட்டுப் பார்க்கலாம். ரிஷி எதை அளந்தான்? வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதின பிள்ளைக்கு எந்த வாத்தியாராவது மார்க்குக் கொடுப்பாரா?

தோழர்களே! கல்லை யாரும் கண்டெடுக்கலாம். அதன் கழுத்தில் சீட்டுக் கட்டுகிறவன் யார் என்பதுதான் கேள்வி. பூசாரி கட்டினால் நாம் தொடக்கூடாத சாமியாகும். தரகன் கட்டினால் விலையாகும். கனவான் கட்டினால் உழைத்தவள் பெயர் மறைந்துபோகும். கண்டவனே, கண்டதை, கண்ட இடத்தோடு எழுதினால் அது அறிவாகும். உங்கள் கையில் உளி இருக்கிறது. பிள்ளைகள் கையில் பேனா இருக்கிறது. இரண்டும் ஒரே கைக்கு வரட்டும். நான் சொன்னதையும் சும்மா ஏற்காமல், போய்ப் பார்த்து முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.