இரத்தம் எங்கே போகுது?

(சங்க ஒன்றுகூடலில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



நான் டொக்டர் இல்லை. ஏ.எல். வரை படிச்சுப்போட்டு, இங்கே சுவிசில் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். புத்தாண்டு நாளில் புழுக்கதையா என்று சிரிக்காதேங்கோ. வேலை செய்கிற சனத்தின் இரத்தத்தைக் குடிக்கிற புழு இது. அதனால்தான் பேச வந்தேன்.

கொத்தார்ட் மலையில் 2016இல் திறந்த புதுச் சுரங்கத்தை நான் சொல்லவில்லை. அதற்கு முந்திய பழைய ரயில் சுரங்கம், 15 கிலோமீற்றர் நீளம். 1872 முதல் 1882 வரை அதைத் தோண்டியவர்களில் பெரும்பாலானோர் பிழைப்புத் தேடி வந்த இத்தாலியர்கள். உள்ளே 30 பாகைக்கு மேல் வெக்கை, தண்ணீர், சேறு. மலசலகூடம் கிடையாது. கொஞ்ச நாளில் ஆட்கள் வெளிறி, மூச்சு வாங்கி, நடக்க ஏலாமல் விழுந்தார்கள். 1880இல் இத்தாலியின் தூரின் நகரில், இறந்த ஒரு தொழிலாளியின் குடலில் கொழுக்கிப்புழுக்களைக் கண்டார்கள். பேராசிரியர் பெரொஞ்சித்தோ, இந்தச் சோகைக்குக் காரணம் புழுதான் என்று எடுத்துக் காட்டினார்.

பனி கொட்டுகிற நாட்டில் இது எப்படி வந்தது? புழுவின் முட்டை மலத்தோடு வெளியே வரும். ஈரமும் சூடும் உள்ள மண்ணில் குஞ்சு பொரிக்கும். வெறுங்காலில் தோலைத் துளைச்சு உள்ளே போய், நுரையீரலுக்கு ஏறி, தொண்டையால் விழுங்கப்பட்டு, குடலில் கடிச்சுக்கொண்டு தொங்கும். சுரங்கத்துக்குள் அந்தச் சூடும் ஈரமும் இருந்தன.

ஒரு சென்ரிமீற்றர் புழுதான். ஆனால் கணக்குப் பாருங்கோ. அங்கே இருந்த இனம், புழு ஒன்றுக்கு நாளுக்கு 0.2 மில்லிலீற்றர் மட்டில் இரத்தம் எடுக்கும். நூறு புழு என்றால் 20 மில்லிலீற்றர், நாலு தேக்கரண்டி. அதில் 10 மில்லிகிராம் இரும்புச்சத்து. சாப்பாட்டிலிருந்து எங்கட உடம்பு ஒரு நாளைக்கு எடுப்பது ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான். ஓட்டைக் குடத்துக்குத் தண்ணி வார்த்த கதை.

எங்கட மலையகத்திலும் இதே கதைதான். றொக்பெல்லர் நிறுவனத்தார் 1916இல் தோட்டங்களில் பூச்சிமருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். மண்டபம் முகாமிலும் தொழிலாளரைக் கப்பல் ஏற்றமுதல் மருந்து கொடுத்தார்கள். பின்னாளில் எங்கட சனம் அகதியாய்ப் போய் இறங்கிய அதே மண்டபம். ஆனால் லயத்தில் ஒழுங்கான கக்கூஸ் இல்லாத இடத்தில் புழு திரும்பத் திரும்ப வந்தது. பழி மட்டும் தொழிலாளியின் தலையில்: "சோம்பேறி."

இன்றைக்கும் அந்தச் சொல் போகவில்லை. அண்மையில் வந்த ஒரு தம்பி வேலையில் களைச்சுக் களைச்சு இருந்தார். எங்கட ஆட்களே "பஞ்சி பிடிச்சவன்" என்றார்கள். மாதக்கணக்காய் இரும்புக் குளிசை போட்டும் இரத்தம் ஏறவில்லை. எந்த நாட்டால், எப்படி வந்தவர் என்று ஒரு டொக்டர் கேட்ட பிறகுதான் மலம் சோதிச்சார்கள். புழு.

ஆகவே மூன்று விசயம் சொல்லுறன்.

ஒன்று: சோகை என்றால் எங்கே வளர்ந்தீர்கள், எந்த வழியால் வந்தீர்கள், ஊருக்குப் போய் வந்தீர்களா என்று நீங்களாகவே டொக்டரிடம் சொல்லுங்கோ. இங்கத்தைய டொக்டருக்குப் புழு முதல் நினைவுக்கு வராது.

இரண்டு: புழு இருந்தால் அல்பென்டசோல் மருந்து சுகமாய் வேலை செய்யும். கர்ப்பிணிகள் கேட்காமல் எடுக்கக்கூடாது. இழந்த இரும்பை நிரப்பக் குளிசை சில மாதம் வேணும். அதைத் தேத்தண்ணியோடு விழுங்காதேங்கோ, தேசிக்காய்த் தண்ணியோடு நல்லது.

மூன்று: இருபது முப்பது வருசமாய் இங்கே இருப்பவர்கள் எல்லாத்தையும் புழுவின் தலையில் போடாதேங்கோ. இந்தப் புழு சில வருசம்தான் உயிர் வாழும். அதிக மாதவிடாய், வயிற்றுப் புண், வயதானவர்களுக்குக் குடலில் புற்றுநோய்கூட இரத்தத்தைக் குறைக்கும். குளிசையோடு நிறுத்தாமல், "இரத்தம் எங்கே போகுது?" என்று கேளுங்கோ.

களைச்ச மனிசனைச் சோம்பேறி என்று சொல்லமுதல் அவன் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பாருங்கோ, வெளிறி இருக்குதா என்று.

எல்லோருக்கும் சுகமான புத்தாண்டு அமையட்டும்.