மாதத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு?



இன்று பட்டம் பெறும் பிள்ளைகளே, வத்திராயிருப்பு மண்ணில் நின்று உங்களிடம் பேசுகிறேன். நான் பிளவக்கல் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே வளர்ந்தவன். சதுரகிரிக்கு அமாவாசைக்குப் போகும் கூட்டத்துக்கு எங்கள் வீட்டுத் திண்ணைதான் தங்குமிடம். பிறகு மதுரையில் படித்தேன், வங்கியில் சேர்ந்தேன், எழுத்தராகத் தொடங்கி அதிகாரியாகி ஓய்வுபெற்றேன். வேலை பார்த்த காலமெல்லாம் மற்றவர்களுடைய பணத்தையும் மற்றவர்களுடைய கடனையும் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். ஆகவே உங்களிடம் பணத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பட்டமளிப்பு விழாவில் பேச இதைவிட உயர்ந்த பொருள்கள் உண்டு. ஆனால் அடுத்த மாதம் உங்களுக்கு உடனே தேவைப்படப் போவது இதுதான்.

உங்களில் பலருடைய வீட்டில் மாதச் சம்பளம் என்பது உங்களோடுதான் ஆரம்பமாகிறது. சிவகாசி தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆலையிலும் சனிக்கிழமைக் கூலி. சுந்தரபாண்டியம் தறியில் நெய்த சேலையைக் கொடுத்தால் கூலி. வயலில் அறுப்புக்கு அறுப்பு. வாரக் கூலியில் குடும்பம் நடத்துவது பெரிய கலை. உங்கள் அம்மாமார்கள் அதில் தேர்ந்தவர்கள். சனிக்கிழமை வந்த பணத்தை அடுத்த வெள்ளி வரை இழுத்துப் பிடிக்க அவர்களுக்குத் தெரியும். உங்களுக்கோ சென்னையிலோ ஓசூரிலோ பெங்களூரிலோ ஒன்றாம் தேதி மொத்தமாக வந்து விழும். முப்பது நாளை அதில் கடக்க வேண்டும். அந்த மொத்தத்தைப் பார்த்த மறுநாளே கடன் கொடுக்கிறோம் என்று உங்களைத் தேடி வருவார்கள். அங்கேதான் என் பேச்சு ஆரம்பிக்கிறது.

ஒரு நிகழ்ச்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கிளையில் இளம் அதிகாரியாக இருந்தேன். ஏழைகளுக்கு ஆண்டுக்கு 4 சதவீத வட்டியில் கடன் கொடுக்கும் திட்டம் ஒன்று அரசுடைமை வங்கிகளில் 1972 முதல் உண்டு. வேறுபட்ட வட்டி விகிதத் திட்டம் என்று பெயர். அதற்குத் தகுதியானவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது என் வேலை. தேரடிப் பக்கம் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாவிடம் போய், "அம்மா, வங்கியில நாலு சதவீத வட்டிக்குக் கடன் தர்றோம், வாங்கிக்கிறீங்களா?" என்றேன். அவர் நார் கிழித்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நாலு வட்டியா? அம்புட்டு வட்டி கட்ட நமக்கு ஏலாது சார்" என்று சொல்லிவிட்டார்.

"இப்போ எங்கே வாங்குறீங்க?" என்று கேட்டேன். "தண்டல்லதான். ஆயிரம்னு எழுதிக்கிட்டு எண்ணூத்தம்பது கையில குடுப்பாரு. தெனம் பத்து ரூவா குடுத்தா நூறு நாள்ல தீந்துரும்." "அதுக்கு வட்டி எவ்வளவும்மா?" "தண்டலுக்கு வட்டி ஏது சார்? பிடிச்சதோட சரி."

அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். நம் ஊரில் "ரெண்டு வட்டி", "மூணு வட்டி" என்றால் மாதத்துக்கு, நூறு ரூபாய்க்கு, இரண்டு ரூபாய், மூன்று ரூபாய். வங்கி சொல்வதோ ஆண்டுக்கு. நான் சொன்ன நாலு அவர் காதில் ஆண்டுக்கு 48 சதவீதமாக விழுந்திருக்கிறது. அவர் மறுத்தது சரியான மறுப்பு. "அம்மா, எங்க கடன்ல மாசத்துக்கு நூறு ரூபாய்க்கு முப்பத்துமூணு பைசாதான்" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார். "பைசாவா? பைசாவுல யாரு தம்பி வட்டி வாங்குறா?" என்று சிரித்தார். சார் போய்த் தம்பியானது அந்தக் கணத்தில்.

பிறகு தண்டலை எடுத்துக்கொண்டோம். கைக்கு வந்தது 850. ஆனால் அந்த 850 நூறு நாளும் அவரிடம் இருப்பதில்லை, தினமும் பத்துப் பத்தாகக் குறைந்துகொண்டே போகிறது. சராசரியாகப் பார்த்தால் பாதிப் பணத்தைத்தான் நூறு நாளுக்குப் பயன்படுத்துகிறார். அதற்குக் கொடுப்பது 150 ரூபாய். கணக்குப் போட்டால் மாதத்துக்கு நூற்றுக்கு ஏறத்தாழப் பத்து ரூபாய். பத்து வட்டி! வட்டியே இல்லை என்று நினைத்திருந்த கடன் பத்து வட்டி. அதிக வட்டி என்று தள்ளிய கடன் முப்பத்துமூன்று பைசா. அந்த அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் இரண்டையும் ஒரே அளவில் சொன்னதும் நொடியில் பிடித்துக்கொண்டார். கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினார், அதே வரிசையில் பூ விற்ற மற்ற பெண்களையும் கிளைக்கு அழைத்து வந்தார்.

அன்று முதல் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எந்தக் கடன் என்றாலும், எந்த முதலீடு என்றாலும், அதை ஊர்க் கணக்குக்கு மாற்றிவிடுவேன். மாதத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு? இன்று உங்களிடம் நான் கொடுத்துவிட்டுப் போக விரும்புவது இந்த ஒரு கேள்வியைத்தான். வாருங்கள், போட்டுப் பார்ப்போம்.

கிரெடிட் கார்டு. பெரும்பாலும் மாதம் மூன்றிலிருந்து மூன்றேமுக்கால் சதவீதம். மூன்றரை என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் இருக்கும்போது அது உறைப்பதில்லை. "மூன்றரை வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறேன்" என்று உங்கள் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், அன்று இரவு அவர் தூங்கமாட்டார். 50,000 ரூபாய் நிலுவைக்கு மாத வட்டி 1,750. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 315. ஆக 2,065. குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும் என்பார்கள். அது நிலுவையில் 5 சதவீதம் என்றால் 2,500. நீங்கள் கட்டிய 2,500-ல் அசலில் கழிவது 435 ரூபாய். கார்டு கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. கெடு தேதிக்குள் முழுத்தொகையையும் கட்டுகிறவருக்கு வட்டியே இல்லை. முழுவதும் கட்ட முடியாத மாதத்தில்தான் அந்த மூன்றரை வட்டி உங்கள் தலையில் ஏறுகிறது.

மோட்டார் சைக்கிள் கடன். "பிளாட் வட்டி பத்து சதவீதம்தான்" என்பார் விற்பனையாளர். ஒரு லட்சத்துக்கு மூன்று ஆண்டுக்கு வட்டி 30,000, மாதத் தவணை 3,611. பத்து சதவீதம் என்றால் எண்பத்துமூன்று பைசா வட்டி என்று நினைப்பீர்கள். தவணை கட்டக் கட்ட அசல் குறைகிறது, வட்டியோ முழு லட்சத்துக்கும் கடைசி வரை போடப்படுகிறது. உண்மையில் அது மாதத்துக்கு ஒன்றரை ரூபாய் வட்டி, ஆண்டுக்கு ஏறக்குறைய 18 சதவீதம். பூக்கார அம்மாவின் தண்டலும் இதுவும் ஒரே கணக்குதான்.

செல்போனில் வரும் கடன் செயலிகள். சட்டத்துக்குப் புறம்பாக நடப்பவற்றில் 5,000 என்று எழுதி, கட்டணம் என்று 1,500 பிடித்துக்கொண்டு, 3,500 கொடுத்து, ஏழே நாளில் 5,000 கேட்டால், அது மாதத்துக்கு நூற்றுக்குச் சுமார் 184 ரூபாய். எந்தத் தண்டல்காரரும் கனவிலும் காணாத வட்டி. அதோடு உங்கள் போனில் இருக்கும் எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு உறவுக்காரர்களை அழைத்து மிரட்டுவார்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே அதீத வட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நம் மக்கள் வாயில் புழங்கும் பெயர்களையே அந்தச் சட்டம் எடுத்து எழுதியிருக்கிறது. மிரட்டல் வந்தால் வெட்கப்பட்டு ஒளியாதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், காவல்துறையில் புகார் கொடுங்கள். கடன்பட்டது குற்றம் இல்லை. மிரட்டுவதுதான் குற்றம்.

2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கியும் நிதி நிறுவனமும் எல்லாக் கட்டணத்தையும் சேர்த்து உண்மையான ஆண்டு வட்டி எவ்வளவு என்பதைக் கடன் வாங்குகிறவருக்கு எழுத்தில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் இருக்கும் எண்ணைப் பன்னிரண்டால் வகுங்கள். அதுதான் ஊர் வட்டி.

உங்கள் கல்விக்கடனையும் மறக்க வேண்டாம். ஆண்டுக்குப் பத்தரை சதவீதம் என்றால் அது எண்பத்தேழரை பைசா வட்டி. பயப்பட வேண்டிய கடன் இல்லை, ஆனால் அதில் உங்கள் அப்பாவோ அம்மாவோ சேர்ந்து கையெழுத்திட்டிருப்பார்கள். நீங்கள் தவணை தவறினால் அவர்களுடைய கடன் மதிப்பெண்ணும் சேர்ந்து விழும். நாளை தங்கைக்குக் கடன் கேட்டுப் போனால் அந்தக் கதவு மூடியிருக்கும். பல கடன்கள் இருந்தால் எதை முதலில் அடைப்பது என்று கேட்பார்கள். வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள். வேறு சாஸ்திரம் தேவையில்லை.

கையெழுத்து என்றதும் வங்கிக்காரனுக்கு இன்னொன்றும் சொல்லாமல் போக மனம் வராது. கூட வேலை பார்க்கிறவர் "சும்மா ஒரு ஜாமீன் கையெழுத்துதான்" என்று வருவார். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். வங்கி நேரே உங்களிடம் வரலாம். அந்த முழுக் கடனையும் நீங்களே கட்ட முடியுமா, கட்ட மனம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

இனி மறுபக்கம். நீங்கள் வட்டி வாங்கும் பக்கம்.

மதுரையில் விடுதியில் படித்தபோது வீட்டிலிருந்து மணியார்டர் வரும். தபால்காரரைப் பார்த்ததும் சாப்பாட்டு விடுதிக் கணக்கு, துணி வெளுக்கிற கணக்கு என்று எல்லாவற்றையும் அன்றே தீர்ப்போம். மீதியை என் அறைத்தோழர் ஒருவர் தபால் நிலையச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுவார். ஐந்து ரூபாய், பத்து ரூபாய். அதைப் பார்த்து நாங்கள் சிரித்திருக்கிறோம். தேர்வுக் கட்டணம் கட்டும் வாரத்தில் அறை முழுக்க அவரிடம்தான் போய் நின்றது. சேமிக்கிறவரிடம் இருப்பது தொகை என்பதைவிட, நெருக்கடியில் யாரிடமும் போய் நிற்காத சுதந்திரம் என்று அப்போதுதான் விளங்கியது.

20,000 ரூபாய் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் வந்த அன்றே 3,000 தானாகப் பிரிந்து போகும்படி செய்துவிடுங்கள். செலவு போக மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்றால் மிஞ்சவே மிஞ்சாது. முதலில் நாலைந்து மாதச் செலவுக்கான தொகை சேரும்வரை தபால் நிலையத்திலோ வங்கியிலோ தொடர் வைப்பு. அதற்குப் பிறகு பொது வருங்கால வைப்பு நிதி. 2020 ஏப்ரலில் அதன் வட்டி 7.1 சதவீதமாக நிர்ணயிக்கப்பட்டது. ஊர்க் கணக்கில் ஐம்பத்தொன்பது பைசா. அதே விகிதம் நீடித்தால், மாதம் 3,000 வீதம் 15 ஆண்டில் நீங்கள் போட்டது 5,40,000, கைக்கு வருவது சுமார் 9,46,000. வேலையில் பிடிக்கும் பி.எஃப். பணத்துக்கு 2023-24-ல் 8.25 சதவீதம் கொடுத்தார்கள். நிறுவனம் மாறும்போது அதை எடுத்துச் செலவழிக்காமல் புதிய நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐம்பத்தொன்பது பைசாவுக்குச் சேமித்துக்கொண்டே மூன்றரை ரூபாய் வட்டிக்கு கார்டில் கடன் வைத்திருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கார்டு நிலுவையை அடைப்பதே அவர்களுக்கு முதல் சேமிப்பு.

"ஐம்பத்தொன்பது பைசாவா? போதாது" என்று யாராவது உங்களிடம் வருவார். அங்கேயும் இதே கேள்வியைப் போடுங்கள். 2012-ல் பெருந்துறையில், அதிக வருமானம் தருவதாகப் பணம் திரட்டிய ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்தபோது எத்தனை குடும்பங்கள் தெருவுக்கு வந்தன! 2022-ல் ஆருத்ரா கோல்டு டிரேடிங் வழக்கு. மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாக வழக்கு. நூற்றுக்கு முப்பது! தெருத்தெருவாக அலைந்து வசூலிக்கிற தண்டல்காரருக்கே பத்து வட்டிதான் கிடைக்கிறது. அதைப்போல மூன்று மடங்கு உங்களுக்குக் கொடுக்க ஒருவர் என்ன தொழில் செய்ய வேண்டும்? அப்படி ஒரு தொழில் உலகத்தில் இல்லை. பின்னால் வந்தவரின் பணத்தை முன்னால் வந்தவருக்குக் கொடுப்பதுதான் அந்தத் தொழில்.

பங்குச் சந்தையின் வாயில் திறந்திருக்கிறது, முறையாகக் கற்றுக்கொண்டு பொறுமையாகப் போகிறவர்கள் போகலாம். ஆனால் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் மட்டும் வேண்டாம். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று ஆண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் பணத்தை இழந்திருக்கிறார்கள். மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2023-24-ல் இறங்கியவர்களில் 43 சதவீதத்தினர் முப்பது வயதுக்குக் கீழானவர்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள். இந்த எண்ணைப் படித்த நாளில் எனக்கு மனசே சரியில்லை.

பிள்ளைகளே, கணக்கு தெரிந்தவர்கள் தெரியாதவர்களிடம் வட்டி வாங்கிக்கொண்டிருப்பதுதான் நம் மாவட்டத்தின் பழைய கதை. உங்கள் வீட்டில் அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கியிருப்பார். பக்கத்து வீட்டு அக்கா நகையை அடகு வைத்திருப்பார். தெருமுனைக் கடைக்காரர் தண்டலில் இருப்பார். ஊருக்கு வரும்போதெல்லாம் அவர்களோடு உட்காருங்கள். அவர்களுடைய கடன் அட்டையை வாங்கிப் பாருங்கள். மாதத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று போட்டுக் காட்டுங்கள். அவர்கள் உங்களைவிட வேகமாகப் புரிந்துகொள்வார்கள். இது நான் கண்ணால் கண்டது. நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு குடும்பத்தைப் பத்து வட்டியிலிருந்து ஒரு ரூபாய் வட்டிக்கு இறக்கிவிட்டால், இந்தக் கல்லூரி இந்த வட்டாரத்துக்குச் செய்த நன்மை எந்த மேடைப் பேச்சையும்விடப் பெரியதாக இருக்கும்.

கை நிறையச் சம்பாதியுங்கள். யாருக்கும் கடன்படாத காலையில் கண்விழியுங்கள். நல்ல வேலை, நல்ல துணை, நல்ல உடல்நலம் எல்லாம் உங்களுக்கு வாய்க்கட்டும். வாழ்க, வளர்க.