பேய்க்குச் சம்பளம் கொடுப்பவர் யார்?

(பெண்ணாடத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பேய். சுடுகாட்டுப் பேயல்ல, நம் வீட்டுக் கூடத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்ட சினிமாப் பேய். முன்னெல்லாம் பேய்ப் படம் பார்க்கக் கொட்டகைக்குப் போகவேண்டும். 1980களில் வாடகைக்கு டெக் எடுத்து வந்து விடிய விடியக் கேசட் போட்டார்கள். பிறகு சி.டி. வந்தது. இப்போது பேய் கைப்பேசிக்குள்ளேயே குடியிருக்கிறது.

படம் பார்ப்பது தப்பென்று நான் சொல்ல வரவில்லை. பார்த்ததில் எதை எடுத்துக்கொண்டோம் என்பதுதான் கேள்வி.

2005ல் வந்த சந்திரமுகியைப் பார்க்காதவர் இங்கு இருக்கமாட்டீர்கள். 1993ல் மலையாளத்தில் வந்த மணிச்சித்திரத்தாழின் கதையே அது. சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடிற்று. அதில் கங்கா என்னும் பெண்ணுக்கு வந்திருப்பது பேயல்ல, மனநோய் என்று வைத்தியரே சொல்லுகிறார். இதுவரை சரி. ஆனால் வைத்தியம் எங்கே நடக்கிறது? ஆஸ்பத்திரியிலா? மந்திரவாதியைக் கூட்டு வைத்துக்கொண்டு, புகை போட்டு, பொம்மையைக் காட்டியல்லவா நோய் தீர்க்கப்படுகிறது! போதாததற்கு ஒரு பாம்பு வேறு. நோயென்று நம்புகிறவனிடமும் டிக்கெட் விற்றாயிற்று. பேயென்று நம்புகிறவனிடமும் விற்றாயிற்று.

2012ல் வந்த பீட்சாவிலே, கதாநாயகன் சொல்லும் பேய்க்கதை முழுவதும் வைரத்தை மறைக்கக் கட்டிய பொய். முதலாளிக்குப் பேய்ப்பயம் இருப்பதால் அந்தப் பொய் பலிக்கிறது. எவ்வளவு நல்ல பாடம்! ஆனாலும் கடைசியில் நிஜப்பேய் ஒன்றைக் காட்டித்தான் படத்தை முடிக்கிறார்கள். பேயில்லாமல் அனுப்பினால் ஜனங்கள் ஏமாந்து போவார்களாம்!

தோழர்களே! வீட்டில் படம் பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. கொட்டகையில் இல்லாத அதிகாரம் உங்கள் விரலுக்கு உண்டு. பேய் வரும்போது சத்தத்தை அடைத்துப் பாருங்கள். பாதிப் பயம் போய்விடும். நிறுத்திப் பாருங்கள்; அரிதாரம் தெரியும். கடைசியில் ஓடும் பெயர்களைப் படியுங்கள். ஒப்பனைக்காரர், ஒலிக்காரர், ஒளிக்காரர் என்று பேய்க்காக உழைத்துச் சம்பளம் வாங்கியவர்களின் ஜாபிதா அது. இத்தனை பேர் பாடுபட்டால்தான் ஒரு பேய் இரண்டு மணி நேரம் ஆடமுடியும் என்றால், யாருமே சம்பளம் கொடுக்காத பேய் நம் தெருவுக்கு எப்படி வரும்?

நிற்க, இது வேடிக்கைப் பேச்சல்ல. வீட்டில் ஒரு பெண் தூங்காமல், சாப்பிடாமல், தனக்குள் பேசிக்கொண்டிருந்தால் நாம் என்ன செய்கிறோம்? சினிமாவில் வைத்தியர் சொன்னதை மறந்துவிட்டு, மந்திரவாதி செய்ததை மட்டும் செய்கிறோம். வேப்பிலையால் அடிக்கிறோம், கோயில், தர்கா, சர்ச் என்று இழுத்துக்கொண்டு அலைகிறோம். அவள் சும்மா இருந்தபோது அவள் சொல்லை ஒருவரும் கேட்கவில்லை. பேய் பிடித்ததென்றதும் ஊரே நின்று கேட்கிறது! அப்படியானால் குறை யாரிடம் இருக்கிறது?

2001 ஆகஸ்டு 6ந் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓடமுடியாமல் மாண்டவர்கள் 28 பேர். அவர்களைக் கொன்றது பேயா? சொந்த வீட்டாரின் நம்பிக்கையும் அந்தச் சங்கிலியுமல்லவா? அந்தக் காட்சியைப் பின்னுக்கு ஓட்டித் திருத்த எந்தப் பொத்தானும் கிடையாது.

2017ஆம் வருஷத்து மனநலச் சட்டப்படி நோயாளியைச் சங்கிலியால் கட்டுவது கூடாது. நம் கடலூர் மாவட்டத்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே, காசில்லாமல் மனநல யோசனை சொல்லுகிறார்கள்.

ஆகவே தாய்மார்களே! பேய்ப் படத்தை வேண்டுமட்டும் பாருங்கள், சிரியுங்கள், பயப்படுங்கள். படம் முடிந்ததும் பயத்தையும் அணைத்துவிடுங்கள். உங்கள் பெண்ணுக்கு உடம்போ மனமோ சரியில்லையென்றால் மந்திரவாதிக்குக் கொடுக்கும் பணத்தைப் பஸ்ஸுக்குக் கொடுத்து, வைத்தியரிடம் அழைத்துப் போங்கள்.