தாய்ப்பாலும் பிள்ளை இடைவெளியும்

(நாமக்கல்லில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கிராமத்துச் செவிலியராக வாழ்நாளெல்லாம் பிரசவம் பார்த்த ஓர் அம்மையாரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அதனால் அவர் திண்ணைகளில் உட்கார்ந்து பேசியிருக்கக்கூடிய விஷயத்தையே தலைப்பாக எடுத்துக்கொண்டேன். சிலருக்குக் கூச்சமாக இருக்கலாம். முன்வரிசை ஆண்கள் எழுந்து போய்விட வேண்டாம். இன்று சொல்லப்போவதில் பாதி உங்களுக்குத்தான்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் வயதான பெண்கள் ஒன்று சொல்வார்கள்: "பால் குடிக்கிற வரைக்கும் அடுத்தது தங்காது." இதே பக்கத்து மருத்துவமனைகளில் காதில் விழும் பேச்சு வேறு: "பால் குடுத்துக்கிட்டுத்தானுங்க இருக்கேன். இவன் பொறந்ததுக்கப்புறம் தூரமே ஆகலீங்க. எப்படிங்க தங்குச்சு?" கேட்கிற பெண்ணின் இடுப்பில் பத்து மாதக் குழந்தை இருக்கும், வயிற்றில் மூன்று மாதம் இருக்கும். கிழவி சொன்னதும் பொய்யில்லை, இவள் சொல்வதும் பொய்யில்லை.

1988 ஆகஸ்டில் இத்தாலியின் பெல்லாஜியோ என்ற ஊரில் இனப்பெருக்க அறிவியலாளர்கள் கூடி, பல நாட்டு ஆய்வுகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். ஒரு தாய்க்குப் பிரசவத்துக்குப் பின் மாதவிடாய் திரும்பவில்லை, குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே அல்லது ஏறக்குறைய அது மட்டுமே கொடுக்கிறாள், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை என்றால், அவள் கருத்தரிக்காமல் இருக்கும் வாய்ப்பு 98 விழுக்காட்டுக்கு மேல் என்று முடிவு சொன்னார்கள். மூன்றும் ஒருசேர இருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அன்றிலிருந்தே வேறு வழி தேட வேண்டும். பிரசவத்தை ஒட்டிய முதல் எட்டு வாரத்து உதிரப்போக்கை மாதவிடாயாகக் கணக்கிடுவதில்லை. 1995இல் மறுபடி அதே ஊரில் கூடி இதைச் சரிபார்த்தார்கள். உலக சுகாதார நிறுவனம் ஏழு நாடுகளில் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்விலும் இதே முடிவுதான். அதில் புதுதில்லித் தாய்மார்களும் இருந்தார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுவோரில் வேளை தவறுவோரையும் சேர்த்துப் பார்த்தால், தாய்ப்பாலின் கணக்கு மாத்திரைக்குக் குறைந்ததில்லை.

இந்தத் தடை எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால், எங்கே அறுந்துபோகிறது என்பதும் தெரிந்துவிடும். பாலுக்கு அந்தச் சக்தி கிடையாது. குழந்தை வாய் வைத்துச் சப்பும்போது மார்க்காம்பின் நரம்புகள் வழியாக மூளையின் அடிப்பகுதிக்குச் செய்தி போகிறது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் உயர்கிறது. சினைப்பையை எழுப்பிவிட மூளையிலிருந்து விட்டுவிட்டு வரும் ஹார்மோன் துடிப்பு தாளம் தப்பிப்போகிறது. அதனால் முட்டை முதிர்வதில்லை. இது நிலைக்க வேண்டுமானால் குழந்தை அடிக்கடி சப்ப வேண்டும். பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேலும், இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ராத்திரிப் பாலுக்கு இதில் தனி இடம் உண்டு, ஏனென்றால் புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாகச் சுரக்கிறது. "ராத்திரி எழுந்து குடுத்துப் பழக்காதே, தூங்கட்டும்" என்று சொல்கிற வீடுகள் தெரியாமலே தடையைத் தளர்த்துகின்றன.

ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில் குங் மக்களிடையே மெல்வின் கானர், கரோல் வொர்த்மன் இருவரும் ஆய்ந்து 1980இல் எழுதினார்கள். அங்கே அப்போது குழந்தை தாயின் உடம்போடு ஒட்டியே இருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை, ஒவ்வொரு முறையும் சிறிது நேரமே குடித்தது. மாத்திரையோ கருவியோ இல்லாமலே அங்கே பிள்ளைக்கும் பிள்ளைக்கும் ஏறத்தாழ நான்கு ஆண்டு இடைவெளி இருந்தது. நம் ஊரிலும் கடலைக்காட்டில் களை எடுக்கும்போது வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டு, குழந்தை சிணுங்கியதும் வரப்பேறி வந்து பால் கொடுத்த காலத்தில் இதற்குப் பக்கத்தில்தான் இருந்தோம். அந்தக் கிழவி சொன்னது அந்த வாழ்க்கையைப் பார்த்துத்தான்.

இப்போது பிள்ளை பிறந்த வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். பிறந்ததும் சேனை வைக்கிறோம். சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து, கிரைப் வாட்டர் என்று வரிசையாக வருகின்றன. சித்திரை வெயிலில் "நாக்கு வறளுது" என்று வெந்நீரை ஆற வைத்துச் சங்கில் ஊற்றுகிறோம். தாய்ப்பாலில் பத்தில் ஒன்பது பங்கை ஒட்டித் தண்ணீர்தான். ஆறு மாதம் வரை சேலம் வெயிலுக்கும் அது போதும். ஒரு சங்குத் தண்ணீர் ஒரு வேளைப் பாலை விலக்குகிறது. அந்த வேளை சப்பல் இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21), ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவை இந்தியாவில் 63.7 விழுக்காடு. தமிழ்நாடு அந்தச் சராசரிக்கும் கீழே. 99 விழுக்காட்டுக்கு மேல் பிரசவம் மருத்துவமனையிலேயே நடக்கும் மாநிலம் இது! கட்டடமும் கட்டிலும் இருக்கின்றன. பிரசவமான தாயின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பால் கொடுக்கப் பழக்கிவிடத்தான் ஆளில்லை.

இன்னொரு காரணம் பிழைப்பு. பள்ளிபாளையம், குமாரபாளையம், எடப்பாடி பக்கத்துத் தறிப்பட்டறைகளில் தார் சுற்றும் பெண், சேகோ ஃபேக்டரியில் கிழங்கு தோல் சீவும் பெண், கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் பெண், செங்கல் சூளையில் கல் அறுக்கும் பெண், இவர்களெல்லாம் எத்தனையாவது நாளில் வேலைக்குத் திரும்புகிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். முன்பணம் வாங்கிய குடும்பமாக இருந்தால் சொல்லவே வேண்டாம். சேலத்தில் வீட்டிலேயே கொலுசு வேலை செய்கிறவளுக்காவது குழந்தை கை எட்டும் தூரத்தில் கிடக்கும். ஷிஃப்டுக்குப் போகிறவளுக்கு அதுவும் இல்லை. பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாமே என்பார்கள். குழந்தைக்கு அது மிக நல்லது, செய்யுங்கள். ஆனால் கருத்தடைக்கு அதை முழுதாக நம்ப முடியாது. சிலே நாட்டில் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டு வேலைக்குப் போன தாய்மாரை ஆய்ந்தபோது, ஆறு மாதத்துக்குள் கருத்தரித்தவர் ஏறத்தாழ 5 விழுக்காடு. வீட்டில் இருந்து பால் கொடுத்தவர்களோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல்.

தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் மகப்பேறு விடுப்பு ஓராண்டு. 2017 முதல் மத்தியச் சட்டப்படி, அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களில் 26 வாரம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் வேண்டும். 26 வாரம் என்பது ஆறு மாதம். பெல்லாஜியோவில் சொன்ன காலமும் அதுதான். ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக ஓடும் தறிக்கூடத்தை அந்தச் சட்டம் தொடுவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஏழைத் தாய்க்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டியுமாக 18,000 ரூபாய் கிடைக்கிறது. நல்ல திட்டம்தான். அந்தப் பணத்தை இழந்த கூலிக்கு ஈடாக நினைத்து அவள் வீட்டில் இருந்தால் அதன் பயன் இன்னும் கூடும். பெரும்பாலும் அது பழைய கடனுக்குப் போய்விடுகிறது.

அடுத்துச் சொல்ல வேண்டியதை இந்த மண்ணில் நின்றுகொண்டு சொல்லாமல் விட முடியாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது சேலம் மாவட்டத்தில். நாமக்கல் அப்போது அதற்குள்தான் இருந்தது. 1997இல்தான் தனி மாவட்டம். 2001 கணக்கெடுப்பில் சேலத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 851 பேர்தான். இதற்கும் தாய்ப்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 2011இல் சீமா ஜெயச்சந்திரன், இலியானா குசியெம்கோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இந்தியக் குடும்ப நல ஆய்வுகளின் தரவுகளை அலசி ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்தியாவில் பெண் குழந்தைக்கு ஆண் குழந்தையைவிடக் குறைந்த காலமே தாய்ப்பால் கிடைக்கிறது. மகன் இன்னும் பிறக்காத வீட்டில், அடுத்தது மகனாக வேண்டும் என்ற அவசரத்தில் மகளுக்குப் பால் சீக்கிரம் மறக்கடிக்கப்படுகிறது என்று காட்டினார்கள். தாய்ப்பால் கருவைத் தள்ளிப்போடும் என்பது அந்த வீட்டுக்கும் தெரியும். பால் மறக்கடிக்க மார்பில் வேப்பெண்ணெய் தடவுகிற கைக்கு வெறுப்பு இருக்க வேண்டியதில்லை, அவசரம் போதும். பால் மறந்த பெண் குழந்தை சவலையாகிறது, வயிற்றுப்போக்கில் விழுகிறது.

பஞ்சாபில் கன்னா பகுதிக் கிராமங்களில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1950களில் வேறொன்றைப் பதிவு செய்தார்கள். கைக்குழந்தை இறந்துபோன தாய்க்கு மாதவிடாய் விரைவில் திரும்பியது, அடுத்த கருவும் விரைந்தது. நம் பக்கத்தில் பெண் சிசுவை இழந்த, அல்லது இழக்கச் செய்த, வீடுகளிலும் உடம்பு அதே விதிப்படிதான் நடந்திருக்கும். ஆண்டுக்கொரு பிரசவம் என்று அந்தத் தாயின் உடம்பு என்ன பாடுபட்டிருக்கும் என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை.

பக்கத்து ஈரோட்டுக்காரர் பெரியார் 1930களிலேயே கர்ப்பத்தடை பெண்ணின் விடுதலைக்காக என்று எழுதியவர். அந்த மண்ணில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் இன்றும் "ரெண்டு பெத்து ஆபரேஷன்" என்பதோடு நின்றுவிட்டது. நம் மாநிலத்தில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் அறுவை செய்துகொண்டவர்கள். முதல் பிள்ளைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் என்ன செய்வது என்று அவர்களில் பலருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் நடுவே இரண்டு ஆண்டாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய்ப்பால் அதில் முதல் ஆறு மாதத்தை மட்டுமே உறுதியாகத் தரும். மாதவிடாய் வரும்வரை பயமில்லை என்று அதற்குப் பின்னும் நம்புவதுதான் அந்தப் பத்து மாதக் குழந்தைக்காரி செய்த தவறு. பெரும்பாலும் முட்டை முதலில் வெளியேறும், மாதவிடாய் அதற்குப் பிறகுதான் வரும். இடையில் கரு தங்கிவிட்டால் மாதவிடாயை அவள் பார்க்கவே மாட்டாள்.

ஆகவே ஐந்தாம் மாதத்திலேயே அடுத்த வழியைத் தீர்மானியுங்கள். பிரசவமானவுடனே போட்டுக்கொள்ளக்கூடிய காப்பர் டி இருக்கிறது. ஆறு வாரத்துக்குப் பின் போடும் அந்தரா ஊசி இருக்கிறது. லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான, ஹார்மோன் இல்லாத சாயா மாத்திரை இருக்கிறது. இவை தாய்ப்பாலைக் கெடுப்பதில்லை. அரசு மருத்துவமனையில் இலவசம். கடைகளில் விற்கும் சாதாரணக் கருத்தடை மாத்திரையைப் பால் கொடுக்கும் முதல் ஆறு மாதத்தில் தாமாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

இந்த அவையில் தறிப்பட்டறை, சேகோ ஆலை, கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாமல் இருக்கலாம். பிரசவித்த பெண்ணின் வீட்டுக்கு முன்பணத்தைச் சொல்லி இரண்டாம் மாதமே ஆள் அனுப்பாதீர்கள். ஆறு மாதம் கழித்து வருகிறவளுக்கு அவள் இடத்தை வைத்திருங்கள். முன்னதாக வந்தே ஆகவேண்டியவளுக்குக் கூடத்தின் ஓரத்தில் தூளி கட்ட ஒரு மூலையும், குழந்தை அழும்போது எழுந்து போகக் கூலி பிடிக்காத கால் மணி நேரமும் கொடுங்கள். மாமியார்மார்களே, பேத்தி பிறந்தாலும் பேரன் பிறந்தாலும் ஆறு மாதம் சங்கைத் தொடாதீர்கள்.