பவளப்பாறையைக் காப்போம்! பாடுபடுவோரையும் காப்போம்!

(மீனவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளில்தான் மீன்குஞ்சுகள் வளர்கின்றன. அருகிலுள்ள கடற்புல்லை நம்பிக் கடல்பசுவும் ஆமையும் வாழ்கின்றன. அலையின் வேகத்தைத் தணிப்பதும் அப்பாறைகளே.

பல்லாண்டுகள் அவற்றைச் சுண்ணாம்புக்காக வெட்டினார்கள். வெட்டியவனுக்குக் கூலி, லாபம் காண்டிராக்டருக்கு! பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரு தீவுகள் நீரில் மூழ்கின.

1986இல் தேசியப் பூங்கா அமைந்தது. பாதுகாப்பு தேவைதான். ஆனால் தீவோரம் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் மீதும் தடை விழுந்தது. 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்து மடிந்தது. அந்தச் சூடு ஏழைத் தாய்மாரின் அடுப்பிலிருந்து வந்ததா?

நாம் கேட்கிறோம்: கடலடியைச் சுரண்டும் இழுவைமடியைக் கட்டுப்படுத்து! பாசி எடுக்கும் பெண்களுடன் பேசி விதி வகுத்திடு! கடலை நம்பி வாழ்பவரே கடலின் காவலர்!