ரயிலா, பஸ்ஸா? கேள்வியையே மாத்திக் கேட்போம்!

(பகுதி இளைஞர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வாரம் நம்ம குரூப்ல ஒரு சண்டை. "ரயில் இருக்கும்போது பஸ்ஸுக்கு எதுக்குச் செலவு?"ன்னு ஒருத்தர். "ஏழைக்குப் பஸ்தான்"னு இன்னொருத்தர். நான் படிச்சது மெக்கானிக்கல், அதனால ஒரு வார்த்தை.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்துல உருளும்போது உராய்வு ரொம்பக் குறைவு. டயர் தார் ரோட்டுல அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான பேரை ஒரே நேரத்துல ஏத்திட்டுப் போக ரயிலை அடிச்சுக்க ஆளில்லை. பீச் - தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே வந்தாச்சு. இன்னைக்கும் ஜிஎஸ்டி ரோடு நெரிசலுக்கு அதுதான் பதில்.

ஆனா ரயிலுக்கு நிலம் வேணும். பறக்கும் ரயில் 2007-ல வேளச்சேரி வந்துச்சு. அங்கிருந்து பரங்கிமலை வெறும் 5 கிலோமீட்டர். அடுத்த வருஷமே வேலையை ஆரம்பிச்சாங்க. ஆதம்பாக்கம் பக்கம் அரை கிலோமீட்டர் நிலத்துக்காக எத்தனை வருஷம் இழுத்துச்சுன்னு அந்தத் தூண்களைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கே தெரியும். பஸ்ஸுக்கு அந்தத் தொல்லை இல்லை. புது நகர் வந்தா அடுத்த மாசமே ஒரு ரூட் விடலாம்.

எங்க அம்மா பெருங்களத்தூர்ல இருந்து கிண்டிக்கு வேலைக்குப் போறவங்க. ரயில்தான் சீக்கிரம். ஆனாலும் பஸ்லதான் போவாங்க. வீட்டுல இருந்து ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ காசு, அப்புறம் முழங்கால் வலியோட மேம்பாலப் படி. பஸ் ஸ்டாப் தெருமுனையிலேயே இருக்கு. சாதாரணக் கட்டண பஸ்ல 2021-ல இருந்து பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. மிச்சமாகுற காசுக்காக தினமும் நெரிசல்ல நிக்கிறாங்க. இதுல ரயில் ஜெயிச்சுதா, பஸ் ஜெயிச்சுதா?

அவங்களுக்குத் தேவை ரெண்டும்தான்: தெருமுனையில இருந்து ஸ்டேஷன் வாசல் வரைக்கும் ஒரு சின்ன பஸ், ரயில் நேரத்துக்கு ஏத்த மாதிரி. ஸ்டேஷன்ல ஓடுற லிஃப்ட். அகமதாபாத்ல 2009-லேயே பஸ்ஸுக்குன்னு தனி வழி போட்டாங்க. நம்ம அகலமான ரோடுகள்ல அதையும் கேட்கலாம்.

உங்க ஸ்டேஷன்ல இறங்கினா பஸ் ஸ்டாப்புக்கு எத்தனை நிமிஷ நடை? லிஃப்ட் ஓடுதா? ராத்திரி 9 மணிக்கு மேல பஸ் இருக்கா? ஸ்டேஷன் பேரோட கீழே எழுதுங்க தோழர்களே. எல்லாத்தையும் தொகுத்து நம்ம வார்டு கவுன்சிலர்கிட்ட மனுவா கொடுக்கப் போறோம்.